பொட்டு வைக்காத பூட்டு

இரும்புலியூரில், இரயில் பாதைக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் இடைப்பட்ட தெரு ஒன்றில், குமரவேலின் வீட்டை ஒட்டி நீண்டு கிடந்தது அந்தத் தகரக் கொட்டகை. புரட்டாசி வெயில் மேலே காய, மழை வரும் வரும் என்று வானம் ஆசை காட்ட, உள்ளே புழுக்கம் கட்டி நின்றது. கொட்டகை முழுதும் பழுப்புக் காகிதத்தின் மணம். ஆள் மார்பளவு உயர்ந்த காகித உருளைகள் லாரியில் வந்து இறங்கும். அவற்றை விரித்து, அகலம் குறைத்து அறுத்து, சிறு சிறு சுருள்களாகச் சுற்றிக் கொடுப்பது குமரவேலின் தொழில். மருந்துக் கடை உறையும் பலகாரக் கடைப் பையும் அந்தச் சுருள்களிலிருந்தே பிறந்தன.

அறுக்கும் இயந்திரத்தை ஓட்டுவது ஒரு பழைய டி.சி. மோட்டார். மூடப்பட்ட ஆலை ஒன்றிலிருந்து வாங்கியது. குறைந்த வேகத்திலும் வலிமை குன்றாமல் இழுக்கும் அதன் குணத்துக்காகவே குமரவேல் அதைக் கைவிடாமல் வைத்திருந்தான். ஆனால் அதனோடு வந்த, வேகத்தை ஆளும் பழைய ரெசிஸ்டன்ஸ் பெட்டிக்கு நிதானம் தெரியாது. நெம்புகோலைத் தள்ளினால் மோட்டார் துள்ளித்தான் கிளம்பும்.

அந்தத் துள்ளல் ஆனி மாதத்தில் ஒருநாள் ஜெயஸ்ரீயின் கையைத் தொட்டுவிட்டுப் போனது. ஜெயஸ்ரீ குமரவேலின் மனைவி. காகிதத்தின் தலைப்பை உருளைகளினூடே கோத்து, அட்டைக் குழலில் ஒட்டுவது அவள் வேலை. ஒட்டி முடித்திருப்பாள் என்று எண்ணி, நெம்புகோலைத் தள்ளினான் குமரவேல். உருளை அரைச் சுற்றுத்தான் சுற்றியது. வலக்கையின் கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. மணிக்கட்டில் செந்நூல் போல ஒரு கீறல். பழம்பாடல்களின் தலைவியருக்கு வளை கழல்வது பிரிவின் மெலிவால். இவளுக்கோ, நாள்தோறும் அருகிலேயே நிற்கும் கணவனின் கையால் வளை உடைந்தது. அவள் அழவில்லை. சில்லுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, காகிதத்தை மீண்டும் ஒட்டினாள். அன்று முதல் அவள் வலக்கை வெறுங்கையாகவே இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே குமரவேல் ஒரு முடிவுக்கு வந்தான்: மோட்டாரை மெல்லக் கிளப்பி மெல்ல நிறுத்தும் மின்னணுக் கருவியான புது டிரைவ் ஒன்றைப் பொருத்திவிட வேண்டும்.

பொருத்த வந்தவள் ஷாயிஸ்தா. வண்டலூர்க்காரி. டிரைவ் விற்ற கடையின் சர்வீஸ் பொறியாளர். தலையை மூடிய துப்பட்டாவின் முனையைக் கழுத்தோடு இறுக்கிச் செருகிக்கொண்டு, தடித்த அடிப்பாகமுள்ள காலணியோடு இறங்கினாள். வந்ததும் மோட்டாரைத் தொடவில்லை. கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இயந்திரத்தை இயக்கும் பேனல் வாசலருகே இருந்தது. மோட்டார் கோடியில், இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. நடுவில் காகித உருளை மலை போல நின்றது.

"அண்ணா, நீங்க பேனல்கிட்ட நின்னா அந்தப் பக்கம் அக்கா நிக்கிறது தெரியுமா?"

"தெரியாதும்மா. குரல் குடுப்பா."

"மெஷின் சத்தத்துல?"

"அதான் உன்ன இட்டாந்தது. புது டிரைவு போட்டுட்டா ஸ்மூத்தா கெளம்பும்ல? அப்பால இன்னா பயம்?"

ஷாயிஸ்தா கருவிப் பெட்டியைத் திறந்தாள்.

இரண்டு நாள் வேலை நடந்தது. பழைய பெட்டியைக் கழற்றி, துரு தட்டி, எர்த் கம்பியைப் புதிதாக இழுத்தாள். மோட்டாரின் கரித்தூளை வெளியேற்றினாள். தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றினாள். டிரைவுக்கு மேலும் கீழும் காற்றோட்டத்துக்காக இடம் விட்டுப் பொருத்தினாள். மோட்டாரின் பின்நுனியில் சொம்பளவு உருளை ஒன்றை இணைத்தாள். மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று டிரைவுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அது. டேக்கோ என்பது அதன் பெயர். அதையும் மோட்டாரையும் சேர்க்கும் கப்ளிங்கின் மேல் கம்பிவலை மூடி ஒன்றைத் திருகினாள்.

சுருள் ஏற்றி இறக்கும் ரத்தினம், ஐம்பதைத் தாண்டியவர், பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார்.

"இன்னாம்மா, இத்தினி ஒயரு எதுக்கு? முன்னெல்லாம் ரெண்டே ஒயருதான்."

"ரெண்டு ஒயர்ல ஒண்ணு ஃபீல்டு ஒயர் அண்ணா, மோட்டாருக்குக் கடிவாளம் மாதிரி. அது கழண்டு போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"மோட்டாரு நின்னு போவும்."

"நிக்காது. வெறி புடிச்ச மாதிரி வேகம் ஏறும். கட்டு தெறிச்சு, மோட்டாரே பிச்சுக்கும். அதுக்குத்தான் ஃபீல்டு போச்சுன்னா டிரைவ் தானா கட் ஆகிற மாதிரி வெச்சிருக்கேன். அடிக்கடி ட்ரிப் ஆகுது, பேஜாரா கீதுன்னு யாராவது அத எடுத்து வுட்டீங்க..."

"எங்க பாஷ நல்லாவே பேசுற."

"வண்டலூர்ல பொறந்துட்டு இங்கிலீஷா பேசுவேன்?"

மதியம் ஜெயஸ்ரீ அவளை வீட்டுக்குள் அழைத்து, வாழையிலையில் கீரைக் கடையலும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தாள். ஷாயிஸ்தா தன் டப்பாவிலிருந்த தாளிச்ச கஞ்சியையும் எடுத்து வைத்தாள். இருவரும் பகிர்ந்து உண்டார்கள். ஜெயஸ்ரீ பரிமாறும்போது மணிக்கட்டின் கீறல் தழும்பு தெரிந்தது. ஷாயிஸ்தா பார்த்தாள்.

"மெஷின்லயா அக்கா?"

"ம். கடவுள் புண்ணியம், வளையலோட போச்சு."

"அடுத்த தடவ வளையலோட போகணும்னு இல்லக்கா."

ஜெயஸ்ரீ மேலும் கொஞ்சம் கீரையை அவள் இலையில் வைத்தாள்.

அன்று மாலை டிரைவ் உயிர்பெற்றது. ஷாயிஸ்தா முதலில் காகிதமின்றி, மோட்டாரைத் தவழவிட்டாள். சுழலும் திசையைப் பார்த்தாள். வேகத்தைப் படிப்படியாக ஏற்றினாள். கருவறையில் திரை விலகுவதற்கு முன் எழும் மெல்லிய மணியொலி போல மோட்டார் முனகி, முனகல் இசையாகி, இசை நிலைபெற்றது. குமரவேலின் கண் கலங்கியது. பின்னர் கோத்த பழுப்புக் காகிதம் மடிப்பின்றி, நீரோடை போல உருளையின் மேல் வழிந்தது.

"ஷோக்கா கீதும்மா! இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

ஷாயிஸ்தா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் நின்றது.

"இப்ப கை வெக்கலாமா அண்ணா?"

"நின்னுச்சில்ல. வெக்கலாம்."

"கூடாது. நின்னிருக்கு, அவ்வளவுதான். கரண்ட் இன்னும் மோட்டார் வாசல்ல காத்துக்கினு கீது. பச்சைய யாராவது தொட்டா உடனே ஓடும்." கைப்பையிலிருந்து சிவப்பு நிறப் பூட்டு ஒன்றை எடுத்தாள். பேனலுக்குப் பின்னால் சுவரில் இருந்த, இயந்திரத்துக்கு மட்டுமேயான மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடித் துளையில் பூட்டை மாட்டினாள். "உள்ள கை வெக்கிறதுக்கு முன்னாடி இத இப்படிப் பூட்டணும். பூட்டிட்டு, பச்சைய ஒரு தரம் அழுத்திப் பார்க்கணும், வரலைன்னு. சாவி ஒண்ணே ஒண்ணுதான். உள்ள யார் கை வெக்கிறாங்களோ, அவங்க இடுப்புலதான் இருக்கணும். உங்ககிட்ட இல்ல, அக்காகிட்ட."

குமரவேலின் முகம் மாறியது.

"என் வூட்டு மிஷினுக்கு நான் பொண்டாட்டிகிட்ட சாவி கேட்டுக்கினு நிக்கணுமா?"

ரத்தினம் சிரித்தார். "கல்லாப்பெட்டி சாவி ஏற்கெனவே அங்கதான் கீது. இதுவும் போவட்டும் வுடுப்பா."

"நீ சும்மா இரு. ஏம்மா, உங்க வூட்டுல யாருக்கானா கை போச்சா? அதான் இப்படி சொல்றியா?"

"ஒரு கதையும் இல்ல அண்ணா. எங்க வாப்பாவுக்குப் பத்து விரலும் பத்திரமா இருக்கு. மேனுவல்ல முதல் பக்கத்துலயே இதத்தான் போட்டிருக்கான். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்."

சாவியை ஜெயஸ்ரீயின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். ஒரு சிறு தகட்டையும் கொடுத்தாள். "இதுல உங்க பேர எழுதிப் பூட்டுல மாட்டுங்க. உள்ள யார் இருக்காங்கன்னு பார்த்தவுடனே தெரியணும்." தகடு அந்த வாரமே காகிதக் குவியலில் எங்கோ காணாமற்போனது. சாவி மட்டும் ஜெயஸ்ரீயின் இடுப்புக் கொத்தில் தங்கிவிட்டது.

ஆயுத பூசை வந்தது. கொட்டகையைக் கழுவி, மாவிலைத் தோரணம் கட்டினார்கள். கத்திகள், திருப்புளிகள், தராசு, குமரவேலின் பைக் வரை எல்லாம் சந்தனப் பொட்டும் குங்குமமும் பெற்றன. குமரவேல் பேனலுக்கு மூன்று பட்டை விபூதி இட்டான். மோட்டாரைத் துடைக்கும்போது கம்பிவலை மூடி இடைஞ்சலாக இருந்தது. கழற்றி ஓரம் வைத்தான். உள்ளே பளபளத்த கப்ளிங்கின் இடுப்பில் சாமந்திச் சரம் ஒன்றைச் சுற்றிக் கட்டினான். கருவறை மூர்த்திக்கு மாலை சாற்றும் அதே பயபக்தி அவன் விரல்களில் இருந்தது.

சுவிட்சில் தொங்கிய சிவப்புப் பூட்டிடம் வந்ததும் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான்.

"ஜெயா, இத்த கழட்டு."

"ஏங்க?"

"பூசை அன்னிக்கி மிஷினுக்குப் பூட்டா? பூட்டுன்னா தொழில இழுத்து மூடுறதுதான். விளங்குமா?"

"சேத்து ஒரு பொட்டு வெச்சிருங்களேன்."

"பூட்டுக்கெல்லாம் பொட்டு வெக்க மாட்டேன். கழட்டு."

நல்ல நாளில் வாக்குவாதம் வேண்டாம் என்று அவள் கழற்றினாள். அவன் சுவிட்சைப் போட்டு வைத்தான். பூட்டு அலமாரியின் மூலைக்குப் போயிற்று. அவள் விளக்கேற்றி, வெள்ளிதோறும் பாடும் பதிகத்தைக் கண்மூடிப் பாடினாள். கேட்பது ஏதுமின்றி, பெற்றதையே எண்ணி உருகும் பாடல் அது. பொரியும் சுண்டலும் தெருவெங்கும் போயின. அன்று இயந்திரம் ஓய்ந்திருந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் இயந்திரத்தைத் தொட்டு ஓட்டிவிட வேண்டும் என்பது குமரவேலின் உறுதி. எதிரே வெல்டிங் பட்டறையில் ஒலிபெருக்கி கட்டி நாகசுரம் போட்டிருந்தார்கள். தெருவே அதிர்ந்தது. குமரவேலும் ரத்தினமும் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள்.

ஜெயஸ்ரீ வாடிய பூக்களைக் கூடையில் சேர்த்துக்கொண்டே இயந்திரத்தைச் சுற்றி வந்தாள். மோட்டாரின் பின்னால் குனிந்தபோது கப்ளிங்கில் சரம் இறுகிக் கிடப்பதைக் கண்டாள். இரவுக் காற்றின் ஈரத்தில் நூல் முறுக்கேறி, இரண்டு துண்டுகளுக்கும் இடையில் நுழைந்திருந்தது. இப்படியே ஓட்டினால் நூல் டேக்கோவை இழுத்து முறித்துவிடும். வேகத்தைச் சொல்லும் வாய் அடைத்துப்போனால் மோட்டார் நின்றுவிட்டதென்று எண்ணி டிரைவ் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும் என்று ஷாயிஸ்தா சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

கை நூலை நோக்கி நீண்டது. மணிக்கட்டின் தழும்பு வெளிச்சத்தில் மின்னியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அலமாரியிலிருந்து பூட்டை எடுத்தாள். பின்சுவரின் சுவிட்சை அணைத்துப் பூட்டினாள். பச்சைப் பொத்தானை ஒரு தரம் அழுத்தினாள். மோட்டார் அசையவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இயந்திரத்தின் பின்னே சென்று உட்கார்ந்து, விரல்களைக் கப்ளிங்குக்குள் விட்டு, பூவைப் பிய்த்து நூலைச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.

குமரவேல் வியர்வையும் கற்பூர மணமுமாகத் திரும்பினான். பூசணியின் குங்குமச் சிவப்பு அவன் கைகளில் ஒட்டியிருந்தது. "ஜெயா! ஆரத்தி ரெடியா?" என்று கூவினான். நாகசுரம் அந்தக் குரலை விழுங்கியது. வீட்டுக்குள் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டான். நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. கிழக்கு நோக்கி நின்று, கண்மூடி, குலதெய்வத்தை நினைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

ஒன்றும் நிகழவில்லை.

மீண்டும் அழுத்தினான். டிரைவின் சிறுதிரை இருண்டு கிடந்தது.

"அய்யோ, இன்னா ரத்தினம் இது! செத்துப் போச்சா?"

"கரண்டு கீதுப்பா. ஃபேன் சுத்துது பாரு."

குமரவேல் ஷாயிஸ்தாவை அழைத்தான். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

"இன்னாம்மா டிரைவு போட்டுக் குடுத்த? விஜயதசமி அதுவுமா மிஷினு எழுந்துக்கவே மாட்டேங்குது! டிஸ்ப்ளேவே வரல!"

"மெயின் சுவிட்ச் பாருங்க அண்ணா. ஆன்ல இருக்கா?"

அவன் பேனலின் பின்னே எட்டிப் பார்த்தான். சிவப்புப் பூட்டு தொங்கியது.

"தோ, பூட்டு! கழட்டுன்னு நேத்தே சொன்னேன், மறுபடியும் மாட்டி வெச்சிருக்கா பாரு! ரத்தினம், அந்தச் சுத்தியல எடு. தேங்கா ஒடைக்கிற மாதிரி ரெண்டு போடு போடு, நேரம் போவுது."

ரத்தினம் சுத்தியலை எடுத்தார். ஆனால் ஓங்கவில்லை.

செல்பேசியில் ஷாயிஸ்தாவின் குரல் ஏறாமல் இறங்காமல் வந்தது. "அண்ணா. சுத்தியல கீழ வெக்கச் சொல்லுங்க. சாவி யார்கிட்ட இருக்கு?"

"ஜெயாகிட்டதான்."

"அக்கா எங்க இருக்காங்க?"

குமரவேல் இயந்திரத்தின் பக்கம் திரும்பினான். செல்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, காகித உருளையைச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

மோட்டாரின் பின்னே, சம்மணமிட்டு, வாடிய சாமந்தி இதழ்கள் மடியில் சிதற, நூலின் கடைசி முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஜெயஸ்ரீ. வலக்கையின் மூன்று விரல்கள் கப்ளிங்கின் இடுக்குக்குள் இருந்தன. நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தாள்.

"வந்துட்டீங்களா? இதோ முடிஞ்சிருச்சு. இனிமே இங்க பூ கட்டாதீங்க."

அவன் தரையில் உட்கார்ந்தான். அவள் கையை இழுத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டான். பூசணியின் குங்குமம் அவள் விரல்களில் ஒட்டியது. அந்தச் சிவப்பைத் தன் சட்டையால் அவசரமாகத் துடைத்தான்.

"இன்னாங்க? என்ன ஆச்சு?"

"நான் அழுத்திட்டேன் ஜெயா. பச்சைய... ரெண்டு தபா."

அவள் இடக்கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது. அவள் உதடுகள் அசைந்தன. நேற்றுப் பாடிய பதிகத்தின் முதலடி ஓசையின்றி அவற்றில் ஓடியது.

ரத்தினம் சுத்தியலைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். "நான் ஓங்கலப்பா," என்றார். "சத்தியமா ஓங்கல."

"அக்கா கிடைச்சாங்களா?" என்று தரையில் கிடந்த செல்பேசி கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயஸ்ரீதான் அதை எடுத்துப் பேசினாள்.

"இருக்கேன் ஷாயிஸ்தா. முழுசா இருக்கேன். நீ நல்லா இருக்கணும்மா."

நல்ல நேரம் கடந்து போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை. நடுப்பகலுக்குமேல் ஷாயிஸ்தா வந்தாள். கப்ளிங்கில் நூல் துணுக்கு ஏதுமில்லை என்று கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கழற்றிப் போட்டிருந்த கம்பிவலை மூடியைத் திருகினாள். "இத எந்தச் சாமிக்காகவும் கழட்டாதீங்க" என்றாள். குமரவேல் தலையாட்டினான். உள்ளே போய், நேற்றைய சந்தனக் கிண்ணத்தில் நீர் விட்டுக் குழைத்து எடுத்து வந்தான். சிவப்புப் பூட்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவே குங்குமம் இட்டான்.

"ஒரு நாள் லேட்டா வெச்சிருக்க. கோச்சிக்கப் போவுது" என்றார் ரத்தினம்.

"கோச்சிக்காது. என்ன மாதிரி ஆளுங்கள அது நெறைய பார்த்திருக்கும்."

ஜெயஸ்ரீ தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பொட்டலம் பொரி வைத்து ஷாயிஸ்தாவிடம் நீட்டினாள். அவள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். "அல்ஹம்துலில்லா" என்று மெல்லச் சொன்னாள். இரு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மொழிகளில் சொல்லப்பட்ட ஒரே நன்றி அந்தக் கொட்டகையில் நிறைந்து நின்றது.

மாலையில் மழை வந்தது. குமரவேல் மழையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் நனைந்து திரும்பினான். செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடி வளையல்கள், மயில்கழுத்து நிறம். அவற்றை அவள் முன் வைத்துவிட்டு, சட்டையைப் பிழியும் சாக்கில் பின்கட்டுக்குப் போய்விட்டான். வலக்கையில் அவள் அவற்றை மாட்டிக்கொண்டதை, உள்ளிருந்து வந்த ஒலியால் அறிந்தான்.

மறுநாள் காலை புதுக் காகித உருளை ஏறியது. தலைப்பைக் கோக்க வேண்டும். ஜெயஸ்ரீ கொட்டகைக்குள் வந்தாள். பின்சுவரின் சுவிட்சை அணைத்தாள். வலக்கை வளையல்களைக் கழற்றினாள்.

"ஏன் ஜெயா, புடிக்கலியா?"

"புடிச்சிருக்கு. அதனாலதான்."

பூட்டின் வளைந்த கம்பியில் வளையல்களைக் கோத்தாள். சுவிட்சில் மாட்டிப் பூட்டினாள்.

"ஷாயிஸ்தா குடுத்த தகட்ட தொலைச்சுட்டோம்ல. இனிமே இத பாருங்க. உள்ள யாருன்னு தெரியும்."

பச்சைப் பொத்தானை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகி, உருளைகளின் நடுவே மறைந்தாள். கடற்கரை செல்லும் இரயில் தாம்பரத்தை நோக்கிக் கடந்தது. சுவர் அதிர்ந்தது. பொட்டு வைத்த பூட்டில் வளையல்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. பேனலின் முன்னே குமரவேல் இரு கைகளையும் மார்பில் கூப்பி, அந்த ஒலியைக் கேட்டபடி, அவள் வரும்வரை நின்றிருந்தான்.